மூணு ஆள் தண்ணி

பேச வேண்டாம் தம்பி, பேசவே வேண்டாம். கன்னத்தைப் பார்த்தாலே தெரியுது, உள்ளே எலுமிச்சம்பழம் அளவுக்குச் சீழ் கோத்திருக்கு. தலையை மட்டும் ஆட்டுங்க, போதும். டாக்டரம்மா இப்போதைக்குக் கூப்பிட மாட்டாங்க. உள்ளே போனவர் கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கார். கேட்குதா சத்தம்? அது பல் வர்ற சத்தம் இல்லை, வர மாட்டேங்கிற சத்தம்.

எனக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. பாருங்க, மேல்வரிசை முன்பக்கம் பூராவும் காலி. பல் செட்டுக்கு அளவு கொடுக்க வந்திருக்கேன். பூச்சி அரிச்சுப் போன பல் இல்லை தம்பி. ஒரு பெண்பிள்ளை பித்தளைக் குடத்தால் ஒரே போடில் எடுத்த பல். மருந்து இல்லை, ஊசி இல்லை, நோட்டீஸ்கூட இல்லை. அந்த வேகத்தில் எடுக்க இந்த டாக்டரம்மாவால் முடியுமா?

எதுக்கு அடித்தாள்னு கேட்க வர்றீங்க. கணக்கைச் சரியாச் சொன்னதுக்கு. நம்ம ஊரில் தப்பாச் சொன்னவன் தப்பிச்சுப் போயிடுவான். சரியாச் சொன்னவனுக்குத்தான் அடி. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க. சொல்ல வேண்டாம், தலையை ஆட்டுங்க.

நான் தீயணைப்பு நிலையத்தில் இருந்தவன். பேர் வெயிலுமுத்து. நான் இல்லாமல் அந்த நிலையத்தில் ஒரு வண்டி கிளம்பியதில்லை. சத்தியமான பேச்சு. கேட்டைத் திறக்கிறவன் நான். கேட்டைத் திறக்காமல் வண்டி எப்படிப் போகும், சுவரை இடிச்சுக்கிட்டா போகும்? மணி அடித்ததும் முதல் ஆளாக ஓடுகிறவனும் நான்தான். மற்றவர்கள் வண்டியைப் பார்த்து ஓடுவார்கள், நான் கேட்டைப் பார்த்து ஓடுவேன். ஓட்டம் ஓட்டந்தானே.

கேட்டுக்குப் பக்கத்தில்தான் புதுசா வேலைக்கு வந்தவர்களுக்கு ஆபீசர் பாடம் நடத்துவார். தண்ணிக் கணக்குப் பாடம். “ஒரு கட்டடம் எரியுது. எவ்வளவு தண்ணி வேணும்? கண்ணை மூடிக்கிட்டு ஊத்தக்கூடாது. நீளத்தை அடியில எடு, அகலத்தை எடு, உயரத்தை எடு. மூணையும் பெருக்கு. நூறால வகு. வர்றதுதான் காலன் கணக்கு. ஒரு காலன்னா நாலரை லிட்டர்” என்பார். கடைசியில் ‘ஒரு நிமிஷத்துக்கு’ என்று ஒரு வார்த்தை சேர்ப்பார். அந்த நிமிஷத்தை நான் எப்பவும் சேர்க்கிறதில்லை. தீ என்ன கடிகாரம் பார்த்தா எரியுது? இன்னொன்றும் சொல்வார். “தண்ணி எங்க கெடக்குன்னு முதல்ல கேளுங்கடா, தீயை அப்புறம் கேட்டுக்கலாம்.” அதைக் கேட்டு வாங்கி மனசில் போட்டுக்கொண்டவன் நான் ஒருத்தன்தான். புதுசா வந்தவர்கள் எல்லாம் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு தடவை பெரிய வைக்கோல் படப்பு எரிந்தது. கேட்டில் நின்றபடியே புகையைப் பார்த்து இவ்வளவு தண்ணிதான் ஆகும் என்று சொன்னேன். அணைத்து முடித்தபோது வண்டியில் சரியா ஒரு டம்ளர் தண்ணி மிச்சம். ஆபீசர் அதைக் குடித்துவிட்டு, “வெயிலுமுத்து, எனக்குத் தாகம் எடுக்கும்கிறதையும் சேர்த்தாய்யா கணக்குப் போட்ட” என்றார். இன்னொரு தடவை கல்யாணப் பந்தலில் தீப்பிடித்து, தண்ணி வண்டி வருவதற்குள் ரசத்தை ஊற்றி அணைத்தேன். எத்தனை அண்டா என்று நான் சொன்னேனோ அத்தனை அண்டா. சாம்பாரைத் தொடவில்லை. பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று… சரி, அதை விடுங்க. குடத்துக்கு வருகிறேன்.

வேலையை விட்டு ஊருக்கு வந்தேன். வேப்பங்கரிசல். மேலத்தெரு, கீழத்தெரு, நடுவில் ஒரு நல்லதண்ணிக் கிணறு. எங்க பக்கம் கிணற்றுத் தண்ணியை அடிக்கணக்கில் சொல்வதில்லை, ஆள் கணக்கு. ஒரு ஆள் உள்ளே நின்றால் தலை முங்குகிற ஆழம் இருந்தால் அது ஓராள் தண்ணி. நல்ல வருஷம் எட்டு ஆள் கிடக்கும். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மற்ற கிணறெல்லாம் வறண்டு பாம்பு குடியிருந்தது. இந்த ஒண்ணில் மட்டும் மூணு ஆள் தண்ணி. இரண்டு தெருவும் அதை வைத்துத்தான் மழை வருகிறவரைக்கும் உயிரோடு இருந்தாகணும்.

கிணற்றில் இருந்து ஒரு கல்லெறி தூரத்தில் பருத்தி குடோன். மேலத்தெருவின் அந்த வருஷத்து வெள்ளாமை மொத்தமும் பொதி பொதியாக அதில்தான் அடைந்து கிடந்தது. கீழத்தெருக்காரர்களுக்குச் சொந்தமாகக் காடு கழனி கிடையாது. பருத்தி எடுத்த கை அவர்களுடையது, பொதி எங்களுடையது. என் பொதியும் கொஞ்சம் உள்ளே கிடந்தது. அது வேற விஷயம்.

ஒரு நாள் உச்சி வெயில். பொதி ஏற்ற வந்த லாரியின் சைலன்சரில் இருந்து ஒரு பொறி. அவ்வளவுதான். உள்ளே லோடு தூக்கிக்கொண்டிருந்தவன் தலைமுடியில் தீயோடு ஓடிவந்தான். சாணிக் குழியில் குப்புறத் தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து அணைத்தார்கள். பிழைத்துக்கொண்டான். ஒரு கன்னம் மட்டும் வெந்துபோச்சு. அதற்குள் குடோன் வாசலில் தீ நாக்கு நாக்காக வெளியே வந்தது. பருத்தித் தீயைப் பார்த்திருக்கீங்களா தம்பி? ஓலைத் தீ கத்தும், ஆடும், அடங்கிவிடும். பருத்தித் தீ பொதிக்குள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே கறுத்துக் கிடக்கும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். சில மனுஷர்களை மாதிரி.

“மாமா, போனைப் போடும். நீர்தான ஸ்டேஷன்ல இருந்தவரு” என்று நல்லுச்சாமி கத்தினான். நல்லுச்சாமி மேலத்தெருவில் பெரிய சம்சாரி, நிலபுலன் உள்ளவன், குடோனில் பாதிப் பொதி அவனுடையது. டவுன் நிலையத்துக்கு என் செல்லில் இருந்து அடித்தேன். புதுசா வந்த பெண்பிள்ளை எடுத்தது. முறைப்படி பேசினேன். தண்ணியில் இருந்து ஆரம்பித்தேன்.

“வேப்பங்கரிசல்ல இருந்து பேசுறேன்மா. ஊர் நடுவுல கிணறு. மூணு ஆள் தண்ணி கெடக்கு.”

“மூணு ஆளா?”

“மூணு ஆள்.”

“எப்ப பாத்தீங்க?”

“காலையில பாத்தேன். மூணு ஆள் கெடந்தது. இப்பவும் அப்படியேதான் கெடக்கும்.”

அந்தப் பிள்ளை குரலைத் தாழ்த்திக் கேட்டது. “உசுரு இருக்குங்களா?”

கிணற்று ஊற்றைக் கேட்கிறது என்று புரிந்துகொண்டேன். விவரமான பிள்ளை என்று சந்தோஷங்கூடப் பட்டேன். “உசுரு இருக்கும்மா. ஆனா விட்டு விட்டுத்தான் வருது” என்றேன்.

“இந்தா வந்துடுறோம்” என்று வைத்துவிட்டது. அடுத்ததாகத் தீயைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன், லைன் இல்லை. மறுபடி அடித்தால் டவர் இல்லை. என் மேல் என்ன தப்பு? தண்ணியை முதலில் சொல்லணும், சொன்னேன். பாக்கியைக் கேட்டுக்கொள்கிற பொறுமை வேலைக்கு வந்தவர்களுக்கு இருக்கணும்.

வண்டி வருகிறவரைக்கும் தீ காத்திருக்குமா? நல்லுச்சாமி தன் ஆயில் எஞ்சினை டிராக்டரில் ஏற்றிக் கிணற்றுக்குக் கொண்டுவந்தான். கூடவே அவன் பெண்சாதியின் தம்பி அழகர், பனைமரம் உயரம். அங்கே பார்த்தால் கிணற்றுமேட்டில் கீழத்தெருச் சடைச்சி நிற்கிறாள், இடுப்பில் பித்தளைக் குடம். அவள் பின்னால் கீழத்தெரு முழுக்க. கையில் மண்வெட்டிக் கணை, உலக்கை, கல். சடைச்சியின் கொழுந்தன் மாடப்பன் அரிவாளைத் தோளில் சாத்தியிருந்தான்.

“நல்லுச்சாமி அண்ணே, எஞ்சினை எறக்காதீங்க” என்றாள்.

“ஏத்தா, அங்க எரியுதே, ஒனக்குக் கண்ணு தெரியலையா?”

“தெரியுது. எரியுறது ஒங்க பருத்தி. இது எங்க தண்ணி.”

“ஒங்க தண்ணியா? கெணறு வெட்டுனது யாரு?”

“வெட்டுனது எங்க அய்யாமாரு. வெட்டச் சொன்னதுதான் நீங்க.”

“பருத்தி போச்சுன்னா வர்ற வருசம் ஒங்களுக்கு வேலை கெடையாது, பாத்துக்கோ.”

“வர்ற வருசம் வேலைக்கு வரணும்னா அதுவரைக்கும் குடிக்கணும்ல அண்ணே.”

அழகர் எஞ்சினை இறக்க ஒரு காலை எடுத்து வைத்தான். ஒரு கல் வந்து அவன் முட்டியில் விழுந்தது. மேலத்தெருப் பக்கத்தில் இருந்து ஒருத்தன் டிராக்டர் ஸ்பேனரை எறிந்தான். அது ஒரு கிழவியின் நெற்றியில் பட்டு, ரத்தம் கண்ணை மறைத்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே உலக்கையை மாற்றிப் பிடித்தாள். பின்னால் குடோன் கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள் ஒவ்வொண்ணாக வெடிக்கத் தொடங்கின. அதிர்வேட்டுச் சத்தம். சில்லுகள் கிணற்றுமேடு வரை பறந்து வந்தன. உள்ளே பொதி வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு வெடிக்கும் தங்கள் பொதி எந்த வரிசை என்று எண்ணிப் பார்த்தார்கள். நானும் எண்ணினேன். அது வேற விஷயம்.

அப்போது சடைச்சிதான் கையைத் தூக்கினாள். “நில்லுங்க. அந்தத் தீக்கு எவ்வளவு தண்ணி வேணும்? அதை ஒரு வாயா சொல்லுங்க. கணக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருக்காருல்ல.”

ரெண்டு தெருவும் என்னைத் திரும்பிப் பார்த்தது. தம்பி, அந்த மாதிரி ஒரு பார்வை உங்களுக்கு வாய்ச்சிருக்காது. என் பெண்சாதிகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. கண்ணை இடுக்கி நீளம் பார்த்தேன், எண்பது அடி. அகலம் நாற்பது, உயரம் இருபது. பெருக்கினேன், வகுத்தேன்.

“அறுநூத்திச் சொச்சம் காலன்” என்றேன்.

“அறுநூறு காலனா? ஒரு காலன் வந்தாலே ஊரு தாங்காது” என்றாள் சடைச்சி. கல்லைக் கையில் வைத்துக்கொண்டே கீழத்தெரு சிரித்தது. மேலத்தெருவிலும் ரெண்டு பேர் சிரித்தார்கள். “எமன் கணக்கெல்லாம் வேண்டாம் பெரியவரே. ஆள் கணக்குல சொல்லும்.”

“ஓராள்” என்றேன். என் கணக்குப்படி ஓராளில் கால்வாசிகூட ஆகாது. இருந்தாலும் தாராளமாகவே சொன்னேன். உள்ளே என் பொதி கிடந்ததால் கூட்டிச் சொன்னதாகப் பின்னால் பேசினார்கள். அது வேற விஷயம்.

சடைச்சி யோசித்தாள். “சரி. ஓராள் எடுத்துக்கோங்க. ரெண்டு ஆள் நிக்கணும். அதுக்கு ஒரு சொட்டுக் கொறையக்கூடாது.”

அதோடு முடிந்திருக்கும். ‘எந்த ஆள்?’ என்று அழகர் கேட்டான். தன் உயரத்தைத்தான் ஓராளாக வைக்கணும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தான். மாடப்பன் அவன் கழுத்தைப் பிடித்தான். கிணற்றுமேட்டில் ஒருத்தனோடு ஒருத்தன் மோதிக்கொண்டார்கள். சடைச்சி ரெண்டு பேரையும் விலக்கிவிட்டு, என் சட்டையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினாள். “கணக்குச் சொன்னவரு யாரோ அவருதான் ஆளு.” பார்க்கிறீங்களே, எனக்குக் கச்சிதமான உடம்பு. மேலத்தெரு முணுமுணுத்தது. என்ன செய்ய? என் உச்சந்தலையில் இருந்து கால் வரைக்கும் கயிறு அளந்து, நுனியில் சிவப்புத் துணி சுற்றிய கல்லைக் கட்டினார்கள். கயிற்றின் மேல் முடிச்சு தண்ணி மட்டத்தில் நிற்கிற மாதிரி கிணற்றில் தொங்கவிட்டார்கள். கல் வெளியே தெரிந்தால் எஞ்சின் நிற்கணும். இதுதான் பேச்சு.

எஞ்சின் ஓடியது. குழாயில் இருந்து தண்ணி பாய்ந்தபோது மேலத்தெரு ஆண்கள் பெண்களைப் போல அழுதார்கள். வாசலில் தீ அடங்கியது. வெள்ளையாக ஆவி கிளம்பியது. முன்வரிசைப் பொதிகள் கறுப்பாக நனைந்து நின்றன. சொன்னேனா இல்லையா என்று எல்லார் முகத்தையும் பார்த்தேன். அப்போது காற்று வந்தது. நனைந்த பொதி ஒண்ணு வயிறு பிளந்து, உள்ளே இருந்து சிவப்பாகச் சிரித்தது. பின்னால் இன்னொண்ணு. அது பின்னால் இன்னொண்ணு. தண்ணி மேல்தோலில்தான் ஓடியிருக்கிறது.

“கல்லு தெரியுது” என்று கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சடைச்சி சொன்னாள். “அண்ணே, நிறுத்துங்க.”

நல்லுச்சாமி என்னைப் பார்த்தான். “மாமா?”

நான் என்ன சொல்வேன்? தீ நிலவரம் என்னவோ அதைச் சொன்னேன். “முக்கால்வாசி செத்துருச்சு. இன்னும் ஒரு அரை ஆள்.”

“அண்ணே, பேச்சுப் பேச்சா இருக்கணும். நிறுத்துங்க.”

“அரை ஆள்தானத்தா. பெரியவரு சொல்றாருல்ல.”

“ஏலே நல்லுச்சாமி, நிறுத்துலே” என்றாள். அண்ணன் போய்விட்டான், மரியாதையும் போய்விட்டது.

அவன் நிறுத்தவில்லை. மாடப்பன் அரிவாளை ஓங்கிக் குழாயில் ஒரு போடு போட்டான். வெட்டுப்பட்ட வாயில் இருந்து தண்ணி பீறிட்டு மண்ணில் ஓடியது. ஐயோ தண்ணி என்று கீழத்தெருப் பெண்கள் குடத்தை வைத்துப் பிடிக்க ஓடினார்கள், சண்டைக்கு நடுவிலே. அழகர் எஞ்சின் ஸ்டார்ட் பண்ணுகிற கைப்பிடி இரும்பை எடுத்து மாடப்பன் கையில் இறக்கினான். எலும்பு முறிகிற சத்தம் கேட்டிருக்கீங்களா? காய்ந்த பருத்திமார்க் குச்சியை முழங்காலில் வைத்து ஒடிக்கிற மாதிரிதான். அரிவாள் கீழே விழுந்தது. கீழத்தெருவில் வேறொருத்தன் அதை எடுத்து வீசினான், நல்லுச்சாமியின் ஒரு காது பாதியாகத் தொங்கியது. அவன் காதை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறு கையால் குழாயைச் சேர்த்துப் பிடித்துக் கட்டுகிறான். எஞ்சின் ஓடுகிறது. ஒருத்தன் கண்ணில் ஒருத்தி மண்ணை அள்ளித் தேய்க்கிறாள். முடியைப் பிடித்து, கடித்து, மிதித்து, தண்ணிச் சேற்றில் உருண்டு, யார் மேலத்தெரு யார் கீழத்தெரு என்றே தெரியவில்லை. எல்லார் உடம்பும் ஒரே கரிசல் நிறம்.

நான் சண்டைக்குப் போகிறவன் இல்லை. ஒரு கல் மேல் ஏறி நின்று, “யாரும் பதறாதீங்க, கணக்கு சரியாத்தான் போய்க்கிட்டு இருக்கு. இன்னும் ஒரு…” என்றேன். ‘இன்னும்’ என்ற வார்த்தை வரைக்கும்தான் எனக்கு நினைவு. சடைச்சி குடத்தின் கழுத்தைப் பிடித்து, அம்மி தூக்குகிற மாதிரி தூக்கி, என் வாயைப் பார்த்து விட்டாள். குடம் நசுங்கியது. பற்கள் நாக்கு மேல் வந்து விழுந்தன. பின்னால் சாய்ந்தேன். பின்னால் கிணற்று விளிம்பில் அழகரும் மாடப்பனும் கட்டிப்பிடித்து உருண்டுகொண்டிருந்தார்கள். நான் அவர்கள் மேல் விழ, மூணு பேரும் சேர்ந்து கிணற்றுக்குள் போய்விட்டோம்.

உள்ளே அப்போது ஓராளுக்கு மேலே தண்ணி இருந்தது. எஞ்சின் குழாயைப் பிடித்துத் தொங்கினோம். குழாய் குதிரை மாதிரி அதிர்கிறது. மாடப்பனுக்கு ஒரு கை இல்லாத கணக்குத்தான். அழகர் அவனை விட்டுவிட்டு அண்ணாந்து கத்தினான்.

“மச்சான், நிறுத்துங்க. நாங்க உள்ள கெடக்கோம்.”

“கொஞ்சம் பொறு மாப்ள. மேற்குச் சுவரு அணையுது” என்று மேலே இருந்து குரல் வந்தது.

தண்ணி இறங்க இறங்க, எனக்குக் கால் தட்டுப்பட்டது. மேலே இருக்கிறவனுக்கு மட்டம் தெரிய வேண்டாமா? வாயில் ரத்தத்தைத் துப்பிவிட்டு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். “கழுத்து… நெஞ்சு… இடுப்பு…” மாடப்பன் நல்ல கையை மடக்கி என் விலாவில் குத்தினான். “ஓய், சும்மா இருமய்யா. எங்க பிள்ளைக குடிக்கணும்யா.” அவன் அழுதான். வலியில் அழுகிறான் என்று நினைத்தேன். “இன்னும் முழங்கால் கெடக்கு, ஓட்டு நல்லுச்சாமி, ஓட்டு” என்றேன். பொதி பின்வரிசையில் இருக்கிறவனுக்குத்தான் தெரியும் தம்பி, முழங்கால் தண்ணிக்கு என்ன மதிப்பு என்று.

கடைசியில் குழாய் சேற்றை உறிஞ்சிக் கொரகொரவென்று இரைத்தது. எஞ்சின் தொண்டை அடைத்து நின்றது. அப்போது சைரன் கேட்டது.

என் நிலையத்து ஆட்கள். தண்ணி வண்டி இல்லை, ஒரு ஜீப்தான் வந்தது. கயிறு, வலை, தூக்குக் கட்டில் என்று அள்ளிக்கொண்டு நேரே கிணற்றுக்கு ஓடிவந்தார்கள், புகையை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. இவர் புது ஆபீசர், சின்ன வயசுக்காரர். “எங்கய்யா அந்த மூணு ஆள்?” என்று கேட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார். மூணு பேர் நிற்கிறோம். “சரியாத்தான் சொல்லியிருக்காங்க. உசுரும் இருக்கு” என்றார்.

கேட்டுக்கோங்க. எழுதி வைத்துக்கோங்க. அரசாங்க ஆபீசர் வாயால் வந்த வார்த்தை. என் செய்தியில் ஒரு எழுத்துப் பிசகவில்லை. இருந்தும் என்னைத்தான் ஊர் இன்னும் ஏசுகிறது.

அழகரைத் தூக்கினார்கள். மாடப்பனை வலையில் போட்டுத் தூக்கினார்கள். என் முறை வந்தபோது குடோன் கூரை மொத்தமாக உட்கார்ந்தது. பூமி அதிர்ந்து கிணற்றுச் சுவரில் இருந்து மண் என் தலையில் கொட்டியது.

“அது என்னய்யா சத்தம்?” என்றார் ஆபீசர்.

“பருத்தி குடோன்” என்றார்கள் மேலே நின்றவர்கள்.

“எரியுதா?”

“உச்சி வெயில்ல இருந்து எரியுது.”

“அடப் பாவிகளா, தீன்னு ஒரு வார்த்தை சொல்லலையேய்யா ஒருத்தரும்” என்று ஆபீசர் தலையில் அடித்துக்கொண்டு ஓடினார். கயிற்றை அப்படியே போட்டுவிட்டு மற்றவர்களும் ஓடினார்கள். போய் என்ன செய்ய? வெறுங்கையோடு நின்று, எரிந்து முடிகிறவரைக்கும் பார்த்தார்கள். ஒரு பொதி மிஞ்சவில்லை. நல்லுச்சாமி காதைப் பிடித்துக்கொண்டு சாம்பலுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான் என்று பின்னால் சொன்னார்கள்.

கயிறு சடைச்சி கையில் இருந்தது. மேலே அவள் தலை மட்டும் தெரிந்தது. சண்டை ஓய்ந்துபோயிருந்தது. வெறும் சேறு, அதில் நான்.

“தூக்குத்தா” என்றேன். பல் இல்லாததால் வேறு மாதிரி கேட்டிருக்கும்.

“தூக்குறேன். ஓராள் ஊறட்டும்” என்றாள். “நீருதான ஆளு. ஒம்ம தலை முங்கின ஒடனே தூக்குறேன்.”

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்தேன். மேலே யாரும் சிரிக்கவில்லை. ஊற்றுக்கண்ணைச் சேறு அடைத்திருந்தது, கையால் நோண்டி எடுத்தேன். பச்சைப்பிள்ளை எச்சில் ஒழுகுகிற மாதிரி கொஞ்சம் வந்தது. வெகுநேரம் கழித்துக் கால்விரல் நனைந்தது. அப்புறம் பாதம். கணுக்காலுக்கு மேல் ஏறவில்லை. கயிற்றில் ஒரு குடம் இறங்கி வந்தது.

“மொள்ளும்.”

குடம் முங்க ஆழம் ஏது? உள்ளங்கையால் அள்ளி அள்ளி ஊற்றினேன். மேலே போன குடத்தைச் சடைச்சி எட்டிப் பார்த்துவிட்டுக் கீழே கொட்டாமல் திருப்பி இறக்கினாள். “ரத்தம் விழுந்திருக்கு. அதுல மூஞ்சியைக் கழுவும். கழுவிட்டு வாயை மூடிக்கிட்டு மொள்ளும்.”

மூடிக்கொண்டேன் தம்பி. உதட்டைக் கடிக்கக்கூடப் பல் இல்லாமல், கையால் பொத்திக்கொண்டு, ஒரு கையால் அள்ளினேன். குடம் இறங்குகிறது, ஏறுகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் கால் குடம் என்று மேலே யாரோ பேசிக்கொண்டார்கள். கீழத்தெருக் குடங்களுக்குப் பின்னால் மேலத்தெருக் குடங்களும் வந்தன. நல்லுச்சாமி வீட்டு எவர்சில்வர் குடமும் வந்தது. பொதியில் பேர் எழுதுகிற மாதிரி குடத்திலும் பேர் வெட்டியிருப்பார்கள், அதனால் தெரியும். யாரும் சண்டை போடவில்லை. சண்டை போடவும் தண்ணி வேணும் போலிருக்கு.

பொழுது சாயும்போது சடைச்சியும் ரெண்டு பெண்களும் சேர்ந்து என்னை மேலே இழுத்துப் போட்டார்கள். அன்றைக்குப் பூராவும் தண்ணிக்குள் நின்றவன், ஒரு வாய் குடிக்கவில்லை. நாக்கு தடித்து அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் காலடியில், நசுங்கின அந்தப் பித்தளைக் குடத்தில், அவள் வீட்டுப் பங்கு கொஞ்சம் கிடந்தது. அதைப் பார்த்துக் கையை ஏந்தினேன்.

அவள் திட்டவில்லை. சொம்பை எடுத்துக் குடத்தின் வாயில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து, நிதானமாகத்தான் கேட்டாள்.

“எவ்வளவு வேணும்? கணக்குச் சொல்லும்.”

ரெண்டு தெருவும் பார்த்துக்கொண்டு நிற்கிறது. குடத்துக்குள் இருக்கிறதைப் பார்த்தேன். அவளுக்குப் பின்னால், கட்டுப்போட்ட கையோடு மாடப்பன் படுத்திருந்தான், பக்கத்தில் அவன் பிள்ளைகள். எப்பேர்ப்பட்ட படப்பையும் கேட்டில் நின்றபடியே அளந்தவன் நான். ஒரு வாய்த் தண்ணியை அளக்கத் தெரியாதா? அவள் சொம்பைப் பிடித்தபடியே காத்திருந்தாள். எனக்குச் சொல்ல வரவில்லை.

வாய் வீங்கியிருந்தது தம்பி. அதனாலதான். வேற ஒண்ணும் இல்லை.